செவுத்துக்கு இந்தாண்ட லாந்தர் லெவன்

பஸ்ஸா? இப்பத்திக்கு வராது சார். வந்தாலும் இந்த ஸ்டாப்புல நிக்காது. கிரவுண்டுல மேட்ச்சுன்னா டிரைவருக்கு பயம், பசங்க கூரை மேல ஏறிக்குவானுங்கன்னு. அதுலயும் ஃபைனல்னா கேக்கவே வாணாம். குந்து. அந்தக் கல்லு மேல குந்தாத, அது ஆடும். இப்டி நகந்து குந்து. நானா? நான் நிக்கறேன். மேட்ச் அன்னிக்கு எனுக்கு குந்த வராது சார். உள்ளங்கால்ல எறும்பு ஊர்ற மாதிரியே இருக்கும்.

இரு இரு. கேட்டியா? "ஓ"ன்னு நீட்டமா இயுத்து அடங்குச்சே, பால் வெளிய போயிட்ச்சி. நம்மாளு அடிச்சிதான் வெளிய போச்சு. எதிராளி அடிச்சி வெளிய போனா அந்த "ஓ"ல கொஞ்சம் சிரிப்பு கலந்து வரும். இதுல சிரிப்பு இல்ல பாரு.

டிக்கெட்டுலாம் ஒண்ணும் கெடையாது சார். சும்மாதான் உடறாங்க. அதோ கேட்டு தொறந்துதான் கீது. யாரு வோணா போலாம், வரலாம். நான்தான் போக மாட்டேன்.

ஏன்னா கேக்கற? சொல்றேன். உனுக்கும் வேற வேலை இல்ல, பஸ்ஸே வரல.

என் பேரு சம்மந்தம். இந்த ஏரியாவுல வெறும் சம்மந்தம்னு கேட்டா யாருக்கும் தெரியாது. கேட்டு சம்மந்தம்னு கேளு, சின்னக் கொயந்த கூட கையப் புடிச்சி இட்டாந்து உட்ரும். எங்க டீமு லாந்தர் லெவன். சிரிக்காத சார். அந்தக் காலத்துல ரயில்வேல லாந்தருக்கு எண்ணெ ஊத்தறவங்க, கண்ணாடி துடைக்கறவங்க, அவங்கல்லாம் சேந்து ஆரம்பிச்ச டீமு இது. இப்ப லாந்தரும் இல்ல, துடைக்கறவனும் இல்ல, டீமு மட்டும் எரிஞ்சிகினு கீது. "ஏத்து ஏத்து, லாந்தர ஏத்து!" அதான் எங்க கூவல். இப்ப கொஞ்ச நேரம் முன்னாடி கேட்ருப்பியே. அத மொத மொத கூவுனது யாருன்ற? நான்தான். வேற எவனாவது நான்தான்னு சொன்னா நம்பாத.

இன்னிக்கு ஆடறது பொம்பளப் பசங்க. ஆமா சார், லாந்தர் லெவனுக்கு இப்ப லேடீஸ் டீமும் கீது. எதிர்ல காசிமேட்டுப் பொண்ணுங்க. கடல் மணல்ல ஓடி வளந்த காலு, லேசுல களைக்காது. நம்ம சைடுல லெஃப்ட்டு அவுட்டு, பதினோராம் நம்பரு, மோனிஷா. என் பொண்ணு. ஒரே பொண்ணு.

ஆமா சார், என் பொண்ணுதான். உள்ளதான் ஆடறா. நான் வெளியதான் நிக்கறேன். நீ என்னை அப்டி பாக்காத. காலைல அவளும் இதே மாதிரிதான் பாத்தா.

காலைல ஷூவுக்கு லேஸ் கட்டிகினே சொல்றா: "நைனா, இத்தினி வருசத்துல ஒரு தபா கூட நான் ஆடி நீ பாத்ததில்ல. இன்னிக்கு உள்ள வந்து நில்லு. வரலன்னா இதான் நான் ஆடற கடைசி மேட்ச்சு. முடிச்சிட்டு வந்து இந்த ஷூவ கால்வாயில தூக்கிப் போட்ருவேன்." சும்மா சொல்ற ரகம் இல்ல சார் அவ. பத்தாவது படிக்கறப்ப, இனிமே தலைல பூ வெக்க மாட்டேன்னா. இன்னி வரைக்கும் வெக்கல. அவங்கம்மா கெஞ்சியும் வெக்கல. அவ சொன்னா சொன்னதுதான்.

நான் உள்ள போனா டீமு தோக்கும். போவலன்னா அவ ஆட்டத்தையே உட்ருவா. இதுல நான் இன்னா செய்யட்டும், நீயே சொல்லு.

உள்ள போனா ஏன் தோக்குமா? அதான் சார் கதையே.

எம்பத்தி ஏயு. அந்த வருசத்து லாந்தர் லெவன் மாதிரி ஒரு டீமு இந்த மெட்ராஸ் பாத்ததில்ல. கோலு காக்கற கோலி யாரு? கோணி கோதண்டம். பால் எங்க வந்தாலும் கோணி மூட்டைய மேல இருந்து தள்ளுன மாதிரி அது மேல உய்ந்துருவான். எய்ந்திருக்க கொஞ்சம் டைம் ஆவும், அதுக்குள்ள ரெஃபரியே பாவப்பட்டு ஃபிரீகிக்கு குடுத்துருவாரு. நடுவுல தல மஸ்தான். கால்ல ஆடவே தெரியாது அந்தாளுக்கு. தலைதான். கறிக்கடைல அவரு நின்னுகினு இருந்தா கூட மேல பறக்கற காக்காவுக்கு பயம். லெஃப்ட்டுல ஜெரோம். லெஃப்ட்டு ஜெரோம். அடடா சார். ஒரு காலு கொஞ்சூண்டு சாச்சி சாச்சி நடப்பான், நொண்டியோன்னு நெனைப்ப. பால் கிட்ட வந்துச்சின்னா அந்தக் காலு வேற காலு.

அந்த வருசம் ஃபைனலு. மிண்ட்டு யூனியன் கூட. ரெண்டு பக்கமும் கோலு இல்ல. கடைசில லெஃப்ட்டு சைடு கார்னரு. ஜெரோம் பால வெச்சி, ரெண்டடி பின்னால போயி, ஒரே வளை. வாயப்பயம் மாதிரி வளைஞ்சி, அல்லார் தலைக்கும் மேல போயி, அந்தாண்ட போஸ்ட்டோட உள்பக்கத்துல "டங்"குன்னு பட்டு, கோலு! நேரா கார்னர்லருந்து கோலு சார்! கிரவுண்டே எய்ந்து நின்னுச்சி. வேலி சாஞ்சிது. ஒருத்தன் கைல இருந்த டீ கிளாஸ மேல வீசிட்டான், அது இன்னும் கீய வரல.

லைன்மேன்! யோவ் லைன்மேன்! கண்ணு அவிஞ்சி போச்சா? கொடிய தூக்குய்யா!

ஒண்ணுமில்ல சார். ஆஃப்சைடு. பாக்காம எப்டி தெரியும்னு கேக்கற இல்ல? காத சும்மாவா வெச்சிகினு கீறேன்? "ஏய்"னு அல்லாரும் ஒரே குரல்ல எய்ந்தா ஃபவுலு. "ஏ ஏ ஏ"ன்னு பிரிஞ்சி பிரிஞ்சி வந்தா ஆஃப்சைடு. டப்புனு கத்திரிச்ச மாதிரி நின்னா கோலி புடிச்சிட்டா. எனக்கு இந்தச் செவுரு கண்ணாடி மாதிரி சார்.

இன்னா சொல்லிகினு இருந்தேன்? ஜெரோம் கோலு. அந்த "டங்"கு. இத வெச்சி எங்க ஏரியா டீக்கடைல எத்தினி வருசமா சண்டைன்ற? ஞாயித்துக்கிழமை ஆச்சின்னா பழைய ஆளுங்க அல்லாரும் குந்திருவோம். எம்பத்தி ஏயு ஃபைனல உரிச்சி உப்பு போட்டு காய வெப்போம். டில்லிபாபு சொல்வான், பால் போஸ்ட்டுல படவே இல்ல, நேரா போச்சின்னு. டில்லிபாபு என் கூட்டாளி. ரசிகர் கூட்டத்துக்கே தலைவன் மாதிரி. சட்டை துவைக்காம சீசன் முச்சூடும் ஒரே சட்டைய போட்டுகினு வருவான், அதான் ராசின்னு. அவன் சொல்வான் நேரா போச்சின்னு, மத்தவன்லாம் ஆமா ஆமான்னு தலையாட்டுவான். நான் சொல்வேன், பட்டுச்சி. உள்பக்கம் பட்டுச்சி. "நீ பாத்தியா?"ம்பானுங்க. நான் கேட்டேன்டா! கண்ணு ஏமாறும், காது ஏமாறாது. நீங்க அல்லாம் அந்த நேரத்துல கோலுக்காக வாயத் தொறந்துகினு இருந்தீங்க, எனக்கு "டங்"கு கேட்டுச்சி.

ஆமா சார். நான் பாக்கல. அந்த ஃபைனல நான் பாக்கல. அந்த சீசன்ல நாங்க ஜெயிச்ச ஒரு மேட்ச்சயும் பாக்கல. ஆனா என்னை மாதிரி அந்த சீசன சொல்றதுக்கு ஊர்ல ஆளு கெடையாது.

அந்த வருசம் ஆரம்பத்துல மூணு மேட்ச்சும் தோத்துட்டோம். மூணுக்கும் நான் வேலியப் புடிச்சிகினு மொத ஆளா நின்னேன். நாலாவது மேட்ச்சுக்கு எனக்கு மஞ்சக்காமாலை. வூட்ல கீயாநெல்லிய குடிச்சிகினு படுத்துகினு கீறேன், டீமு ஜெயிச்சிட்ச்சி. ஒடம்பு தேறி அடுத்த மேட்ச்சுக்குப் போனேன். தோத்துட்ச்சி. அன்னிக்கு சாயங்காலம் டில்லிபாபு என்ன தனியா இட்டுகினு போயி, தோள்ல கையப் போட்டு சொன்னான்: "சம்மந்தம், தப்பா நெனைச்சிக்காத. உன் கண்ணு டீமுக்கு ஆவல. நீ பாத்தா தோக்குது."

அவன் கையப் புடிச்சிகினு அய்துட்டேன் சார், ஆம்பளன்னு கூட பாக்காம. அவன் சொன்னான், "நீ கேட்டாண்ட நில்லு. திரும்பிப் பாக்காத. டீமுக்காக செய்டா." டீமுக்காகன்னு சொல்லிட்டான். அதுக்கப்பால நான் இன்னா பேச முடியும்? எங்க ஆளுங்க அல்லாரும் எதனா ஒண்ணு செய்வானுங்க. ஒருத்தன் போஸ்ட்டுக்கு அடில எலுமிச்சம்பயம் வெப்பான். ஒருத்தன் மேட்ச்சுக்கு மூணு நாளைக்கு முன்னாடியே கறி திங்க மாட்டான். என் பங்குக்கு நான் என் கண்ணையே குடுத்தேன்.

அதுலருந்து ஜெயிக்க ஆரம்பிச்சோம் பாரு! வரிசையா! நான் இந்த செவுத்தாண்ட, இதே எடத்துல, கிரவுண்டுக்கு முதுக காட்டிகினு நிப்பேன். உள்ள இருந்து சத்தம் வரும். ஃபைனல் அன்னிக்கும் இங்கதான் நின்னேன். ஜெயிச்சிட்டு கப்ப தூக்கிகினு வெளிய வந்தானுங்க. கேட்டுல யாரு மொத ஆளா நிக்கறது? நான். ஜெரோம் கைக்கு அப்பால அந்தக் கப்ப மொத மொத தொட்டது யாருன்னு கேளு. இந்தக் கை சார். சில்லுன்னு இருந்துச்சி.

ஊர்ல அல்லாரும் சொல்வானுங்க, எம்பத்தி ஏயு கப்ப ஜெரோம் வாங்கிக் குடுத்தான், மஸ்தான் வாங்கிக் குடுத்தாருன்னு. நான் வாயத் தொறந்து சொன்னதில்ல. ஆனா உனுக்கு சொல்றேன். அந்தக் கப்புல ஒரு கைப்பிடி என்னுது.

அப்பறம் இன்னா, எப்பவும் போலதான். ஜெரோமுக்கு ஒரு பெரிய ஆபீஸ்ல வேலை கெடைச்சிட்ச்சி, அவங்க டீமுக்குப் போயிட்டான். நல்லா ஆடறவன் அல்லாரும் அப்டித்தான் போவான். எங்க ஏரியாவுல ஃபுட்பால் ஆடறதே ஒரு வேலைக்குப் போறதுக்குத்தானே சார். நாங்களே மேளம் அடிச்சி அனுப்பி வெப்போம். அடுத்த வருசம் அவன் எதிர் டீமுல வந்து நிப்பான். அதுக்கும் எங்களாண்ட ஒரு சட்டம் கீது. மொத பாதில அவனத் திட்டக் கூடாது, நம்ம உப்பத் தின்னவன். ரெண்டாவது பாதில எவ்ளோ வோணா திட்டிக்கலாம்.

நடுவுல ஒரு தபா மனசு கேக்காம உள்ள போயிட்டேன். அன்னிக்குதான் கோணி கோதண்டத்துக்கு கை ஒடிஞ்சிது. இதுக்கு மேல இன்னா சாட்சி வோணும் சொல்லு.

யம்மா!

கேட்டியா சார்? இது... இது கோலுதான். ஆனா செத்த சத்தம். அவங்கள்ட்ட இருந்து கத்தல், நம்மகிட்ட இருந்து ஒண்ணும் இல்ல. காசிமேடு போட்ருச்சி. ஒண்ணுக்கு சைபரு.

நான் இங்கதானே நின்னுகினு கீறேன்? உள்ள போவலியே? இப்ப எப்டி கோலு உய்ந்துச்சின்னு நீ கேக்கலாம். நியாயம்தான். சொல்றேன். நீ வர்றதுக்கு முன்னாடி, எங்கூட்டுக்காரி எங்க குந்திகினு கீறான்னு பாக்கறதுக்கு கேட்டு வயியா லேசா ஒரு தபா எட்டிப் பாத்துட்டேன். அதான். அந்த ஒரு பார்வைதான் இப்ப வேலைய காட்டுது. என் கண்ணு அப்டி சார், சனியன் புடிச்ச கண்ணு.

பஸ்ஸு? எங்க? அது இந்த ரூட்டு இல்ல சார். வாணாம், கூட்டத்தப் பாரு, தொங்கிகினு போறானுங்க. அடுத்தது காலியா வரும். குந்து.

போன மாசம் கிளப்புல ஒரு விழா. பழைய பிளேயருங்க அல்லாரையும் கூப்ட்டு சால்வை போத்துனோம். மஸ்தான் போய்ச் சேந்துட்டாரு, அவரு மச்சான் வந்து சால்வைய வாங்கிகினாரு. கோதண்டம் வந்தான், இப்பவும் நாற்காலில கோணி மாதிரியேதான் உய்ந்தான். ஜெரோம் வந்தான் சார்! தலை முச்சூடும் வெள்ளை. ரிட்டயராயிட்டானாம். அதே சாஞ்ச நடை.

விழா முடிஞ்சி டீக்கடைக்கு இட்டாந்தோம். சுத்தி குந்திகினு எம்பத்தி ஏயு, எம்பத்தி ஏயுன்னு ஒரே பேச்சு. மோனியும் வந்திருந்தா. பதினோராம் நம்பர் பழைய பதினோராம் நம்பரப் பாக்க வோணாமா? ஓரமா நின்னுகினு இருந்தா. நான் உட்ருவனா? நேரா கேட்டேன்: "ஜெரோமு, அந்தக் கார்னர் கோலு. போஸ்ட்டுல பட்டுதா இல்லியா? இத்தினி பேரு எதிர்ல சொல்லு."

ஜெரோம் கிளாஸ கீய வெச்சிட்டு என்னையே பாத்தான். "பட்டுச்சி. உள்பக்கமா பட்டுதான் போச்சு. அன்னிக்கு கிரவுண்டுல எவனுமே கவனிக்கலியே. உனுக்கு எப்டி தெரியும்?"

சார்! எத்தினி வருச சண்டை! டில்லிபாபு மூஞ்சப் பாக்கணுமே, ஆறிப்போன வடை மாதிரி. எனக்கு தரைல காலே படல. "நான் கேட்டாண்ட நின்னேன் ஜெரோமு, எனக்கு கேட்டுச்சி"ன்னேன்.

"கேட்டாண்டயா? ஃபைனலுக்கு உள்ள வராம அங்க இன்னா பண்ண?"ன்னான்.

டில்லிபாபு நடுவுல பூந்து, "டீ ஆறுது ஜெரோமு, குடி"ன்னான். ஜெரோம் குடிக்கல. என் குரல மறுக்கா கேக்கற மாதிரி தலைய சாச்சி வெச்சிகினு, "அட, அந்த வாயி நீதானா?"ன்னான்.

அப்பால அவன் சொன்னது கதை சார். சொல்றேன், நீயே கேளு. அந்த மொத மூணு மேட்ச்சுலயும் நான் வேலியாண்ட நின்னு அவனத் திட்டுனேனாம். "டேய் நொண்டி, உங்கம்மா உனுக்கு சோத்த போட்டாளா, மண்ண போட்டாளா"ன்னு கத்துனேனாம். அவங்கம்மா அப்பதான் செத்துப் போயிருந்தாங்களாம். என் குரல் கேட்டாலே அவனுக்கு காலு கட்டிக்குமாம். டில்லிபாபுகிட்ட போயி, "ஒண்ணு அந்த வாயி கிரவுண்டுல இருக்கட்டும், இல்ல நான் இருக்கறேன்"னு சொன்னானாம். டில்லிபாபு, "அவன் மனசு நோவாம நான் பாத்துக்கறேன்"னானாம்.

ராசியும் இல்லியாம், கண்ணும் இல்லியாம். அல்லாம் என் வாயிதானாம்.

டில்லிபாபு குனிஞ்சி தரையையே பாத்துகினு கீறான். "உடு சம்மந்தம், பழைய கதை. உன்னை நேரா சொல்லியிருந்தா நீ செத்துருப்ப. அதான் அப்டி சொன்னேன்"ங்கறான்.

பொய்யி சார். ரெண்டு பேரும் பேசி வெச்சிகினு சொல்ற பொய்யி. எப்டின்னு கேளு. டில்லிபாபு ரொம்ப நாளா சொல்லிகினு கீறான், பொண்ணு ஆட்டத்தப் போய்ப் பாருடான்னு. நான் கேக்கல. அதுக்காக ஜெரோம செட்டப்பு பண்ணி இட்டாந்துட்டான். பாசத்துல பண்ணதுதான், இல்லேன்னு சொல்லல. ஆனா பொய்யி. ஏன்னா, கிரவுண்டுல எவன்தான் திட்டல? கிரவுண்டுல திட்டறது ஒரு கணக்கா? அவங்கம்மா செத்தது எனக்கு எப்டி தெரியும்? தெரிஞ்சா அந்த வார்த்தைய சொல்லியிருப்பனா? வேற வார்த்தை சொல்லியிருப்பேன்.

அப்ப கோதண்டம் கை ஏன் ஒடிஞ்சிது? அது வாயாலயா ஒடிஞ்சிது?

மோனி அல்லாத்தையும் கேட்டுகினு நின்னா. நடந்து வூட்டுக்கு வர்றப்ப, "அப்ப நீ என்னைப் பாக்காததுக்குக் காரணமே இல்ல"ன்னா. நான் சொன்னேன், "அவனுங்க பேச்ச நம்பாதம்மா. உன்னைப் பாக்காம நான் பட்ற பாடு உனுக்குத் தெரியாது. நீ ஜெயிக்கணும்னுதான் வெளிய நிக்கறேன்." அதுக்கு அவ, "எனக்கு ஜெயிக்க வாணாம் நைனா, நீ பாத்தா போதும்"ங்கறா. ஃபுட்பால் ஆடறவ பேசற பேச்சா சார் இது?

இரு! இரு இரு இரு...

ஏத்து ஏத்து! போட்டுட்டாங்க! நம்ம கோலு! ஒண்ணுக்கு ஒண்ணு! கேட்டியா, அந்தச் சத்தம் வயித்துலருந்து வருது பாரு! யாரு போட்டாங்கன்னு தெரியல. "மோனி"ன்னு சத்தம் வரல. வேற பொண்ணு. பரவால்ல. பாத்தியா சார், நான் இங்க நின்னதுக்கு உடனே பலன்! இப்ப சொல்லு, வாயா கண்ணா? இப்பவும் இங்க நின்னு கத்திகினுதானே கீறேன். வாயிதான் காரணம்னா எப்டி கோலு உய்ந்துச்சி?

தண்ணி கீதா சார் உன்னாண்ட? குடு. நாக்கு ஒட்டிக்கிச்சி.

எவ்ளோ நேரம் பாக்கி இருக்கும்? கொஞ்சம்தான் இருக்கும். வெயிலு அந்த டேங்கு மேல இருந்து எறங்கிட்ச்சி. இப்டியே போச்சின்னா டை பிரேக்கரு. எனக்கு இந்தக் காலு நிக்க மாட்டேங்குது பாரு, தானா போவுது கேட்டுப் பக்கம். நான் போவல, காலுதான் போவுது.

ஏய்! ஃபவுலு! ரெஃபரி ஊதிட்டான்! எங்க? எந்தப் பக்கம்?

...இன்னா சார், சத்தமே இல்ல? இத்தினி ஜனம், ஒருத்தனும் வாயத் தொறக்கல. இது எனக்குத் தெரியும். இந்த மௌனம் எனக்குத் தெரியும் சார். பெனால்டி. எதிராளிக்குன்னா நம்மாளுங்க ஊளை உடுவானுங்க. ஊளை இல்ல. நமக்குத்தான் பெனால்டி.

நம்ம டீமுல பெனால்டி யாரு அடிப்பான்னு தெரியுமா உனுக்கு?

மோனி.

சார், நீ போ. நீ ஓடிப் போயி கேட்டாண்ட நின்னு பாத்து எனக்கு சொல்லு. உன் கண்ணு நல்ல கண்ணு. ஏன் நிக்கற? போய்யா! ...இல்ல, இரு. நானும் வரேன். நான் திரும்பி நின்னுக்கறேன், நீ பாரு. கையப் புடி. இப்டி. இந்தத் தூணாண்ட நில்லு. கோலு போஸ்ட்டு கிட்டத்துலதான் கீது. சொல்லு, பால வெச்சிட்டாளா? பின்னால போறாளா? சொல்லு சார், ஏன் பேச மாட்டேங்கற?

இன்னா? இங்க பாக்கறாளா? யாரு? மோனியா? எங்க பாக்கறா? கேட்டையா? என் முதுகையா பாக்கறா?

அடிக்காம நின்னுகினு கீறாளா? ரெஃபரி ஊதிட்டானா? ஊதிட்டான், எனக்கே கேட்டுச்சி. அடிக்கச் சொல்லு சார் அவள! எதுக்கு நிக்கறா? ஏய் மோனி, அடிம்மா...

அவ அடிக்க மாட்டா. சொன்னா சொன்னதுதான், பூ கதைதான் இது. எனக்குத் தெரியும்.

முருகா. லாந்தர் லெவன் என்ன மன்னிக்கட்டும். திரும்பறேன் சார்.

...

எவ்ளோ சின்னதா கீறா சார். நான் கேட்டதுல பெருசா இருந்தா. அதோ அந்த நீல சட்டை, அவதானே? பதினொண்ணு. தலைய இப்டி சாச்சிகினு நிக்கறா. அவங்கம்மா மாதிரி. பாத்துட்டா. என்னைப் பாத்துட்டா. பின்னால போறா. ரெண்டடி. ஓடறா...

...

போச்சா?

உள்ள போச்சா சார்? வலை ஆடுதே. போஸ்ட்டுல படல. நேரா போச்சு. நான் பாத்தேன். ரெண்டு கண்ணாலயும் பாத்தேன் சார், பாத்தும் போச்சு.

அல்லாரும் குதிக்கறாங்க. வாயத் தொறந்து தொறந்து கத்தறாங்க, டில்லிபாபு சட்டையக் கயிட்டி சுத்தறான். எனக்கு ஒண்ணுமே கேக்கல சார். இத்தினி வருசம் அல்லாத்தையும் கேட்டேனே, இப்ப ஒரு சத்தமும் கேக்கல.

அப்ப அந்த வருசம் நான் எதுக்கு சார் வெளிய நின்னேன்? ஜெரோம் கோல நான் பாத்திருக்கலாமே. இவ மொத மொத ஆடுனத பாத்திருக்கலாமே. பாவிங்களா.

எங்க ஓடியார்றா இவ? டீமு அந்தாண்ட கட்டிப் புடிச்சிகினு நிக்குது, இவ இங்க ஓடியார்றா. ரெஃபரி கூப்புட்றான் பாரு. யம்மா, ஆட்டம் முடியலம்மா, போம்மா...

கேட்டியா சார், மூச்சு வாங்கிகினு வந்து கேட்டாண்ட வேலியப் புடிச்சிகினு அவ இன்னா கேக்கறான்னு?

"இன்னா நைனா, சத்தத்தையே காணோம்?"ங்கறா.

சார், அந்த வாயி இப்ப எங்க போச்சின்னே தெரியல. வர மாட்டேங்குது. அவ போறதுக்குள்ள எனக்காக நீ ஒரு தபா கத்தேன். ஏத்து ஏத்துன்னு கத்து சார்.